விலாவிலிருந்து வந்த வலது காது

மாமா மடியில் நான் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினால் அது பாதி உண்மை. எனக்கு அடியில் மாமா மாட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் முழு உண்மை.

காதுகுத்து என்றால் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரிவதற்குள் முடித்துவிடுவார்கள். எனக்கோ அப்போது பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். கேப்பைக் களியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் தின்று தேறிய உடம்பு. அம்மாவின் தம்பி கன்னியப்பன் மாமா முருங்கைக்காய் மாதிரி இருப்பார். பலகையில் சம்மணம் போட்டிருந்தவர் மேல் நான் உட்கார்ந்ததும், 'முருகா' என்று ஆரம்பித்தார். 'மு'வோடு நின்றுவிட்டது.

"எழுந்துக்கட்டுமா மாமா?"

"வாணாம் கமலா, குந்து. காலு மரத்துப்போய் ரொம்ப நேரமாச்சி. இனிமே ஒண்ணும் தெரியாது."

திண்டிவனத்திலிருந்து மாட்டு வண்டியில் போகிற தூரத்தில், கொல்லைகளுக்கு நடுவே இருந்தது எங்கள் பச்சையம்மன் கோயில். பொங்கல் பானையின் புகை கண்ணைக் கரித்தது. வேண்டுதல்படி எனக்கு மொட்டையும் அடித்தாகிவிட்டது. பிறந்ததிலிருந்து முடியால் மூடி மூடி நான் காப்பாற்றிய இடம், சந்தனம் பூசிய தலையில் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. கூடியிருந்த அத்தனை பேரும் என் வலது காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நகை செய்யும் பத்தர் தங்கக் கம்பியின் முனையைக் கல்லில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, கைகட்டி நின்றார்.

"மொதல்ல எடது குத்துங்க. அதுல சந்தேகம் இல்ல. அப்பால வலது. அதுலதான் இன்னா நடக்குதுன்னு பாக்கணும்."

அன்றைக்கு என் வலது காது பரீட்சைக்கு வந்திருந்தது. தேறினால் நான் எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளை. தேறாவிட்டால் அம்மன் கணக்கிலிருந்து என்னை எடுத்துவிட்டு, எனக்கு அடுத்த பிள்ளையிலிருந்து தொடங்குவதாகப் பேச்சு. ஒரு காதுக்கு எதற்கு இத்தனை அமர்க்களம் என்று கேட்பீர்கள். அந்தக் காது வந்த கதை அப்படி.

கத்தரிக்காயா, அவரைக்காயா?

நான் பிறந்தபோது வலது காது இருக்க வேண்டிய இடத்தில், ஊற வைத்த மல்லாட்டைப் பருப்பு அளவுக்கு ஒரு மடிப்பும், அதை ஒட்டிக் கொஞ்சம் தொங்கு சதையும் இருந்தனவாம். துவாரம் கிடையாது. ஆகவே அந்தப் பக்கம் கேட்காது.

குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே விசாரணை தொடங்கிவிட்டது. அம்மா வயிற்றில் நான் இருந்தபோது ஒரு கிரகணம் வந்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி கிரகண நேரத்தில் எதையும் நறுக்கக் கூடாது என்பார்கள். அம்மா அன்றைக்குக் கத்தரிக்காய் நறுக்கியதைப் பார்த்ததாகப் பெரியப்பா சாட்சி சொன்னார். அடுத்த வருஷம் அது அவரைக்காய் ஆயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது பூசணிக்காயில் வந்து நின்றது. அன்றைக்குக் குப்புறப் படுத்துத் தூங்கினதைத் தவிர வேறு ஒரு பாவமும் செய்யவில்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு அதனால் பெரிய கஷ்டம் இருந்ததாகச் சொல்ல முடியாது. திட்டு விழும் நாட்களில் இடது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்வேன். உலகமே அடங்கிவிடும். ஒரே ஒரு குறை, ஒரு காதில் வாங்கி இன்னொரு காது வழியாக விடுவதற்கு எனக்கு வழியில்லை. யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இந்த வயதிலும் உள்ளேயே கிடக்கிறது. இந்தத் தொடர் இத்தனை வாரமாக ஓடுவதும் அதனால்தான்.

பள்ளிக்கூடத்தில் 'ஒத்தக்காது' என்றார்கள். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வலித்தது. கூப்பிட்டவனின் சிலேட்டை உடைத்தேன். அதற்குப் பிறகு கமலா என்றே கூப்பிட்டார்கள்.

வரிசையில் நின்ற காதுகள்

என் காது என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் குடும்ப வழக்கத்தில், மூத்த பிள்ளைக்குக் காது குத்தாமல் இளையதுகளுக்குக் குத்தக் கூடாது. பெரியப்பாவுக்கு நெடுநாள் பிள்ளை இல்லாமல் பிறகு பிறந்ததால், நான்தான் மூத்தவள். எனக்குப் பின்னால் என் தம்பி வேலு, அவனுக்குப் பின்னால் பெரியப்பாவின் மூன்று பெண்கள். அத்தனை பேரும் வெறுங்காதோடு வளர்ந்தார்கள். ரயில்வே கேட்டில் முதல் வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருகிற வண்டியெல்லாம் நிற்க வேண்டியதுதானே.

இருக்கிற ஒரு காதில் மட்டும் குத்தினால் என்ன என்று அப்பா ஒருமுறை கேட்டார். அப்பாவின் வாடகை சைக்கிள் கடையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பேசுவதற்குக் கூலி கேட்கிற மனிதர் அவர். அவரே வாய் திறந்து கேட்டும், ஒற்றைக் காது குத்துவது ஆகாது என்று பெரியப்பா அடித்துச் சொல்லிவிட்டார்.

பெரியப்பாவின் பெண்கள் பாவம். விசேஷ நாட்களில் ஜிகினாப் பொட்டைச் சோற்றுப் பருக்கையால் காது மடலில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். உச்சிவேளைக்குப் பருக்கை காய்ந்து பொட்டு உதிர்ந்துவிடும். பிறகு மூன்று பேரும் என்னை முறைப்பார்கள்.

பெரியப்பா மல்லாட்டை வியாபாரி. மூட்டைக்குள் கைவிட்டு நாலு காயை உடைத்துப் பார்த்து, 'சொத்தையை ஒதுக்கு' என்று சொல்லிப் பழகியவர். ஒரு பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர் அப்பாவிடம் அதே தோரணையில் சொன்னார்.

"இத பாருடா, எத்தினி வருசம் காத்துக்கினு இருக்கிறது? கமலாவை வுட்டுட்டு மத்ததுங்களுக்குக் குத்திடலாம். அம்மனாண்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா போச்சி, இவ நம்ம கணக்குல இல்லைன்னு."

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். மூத்தாரிடம், அதாவது கணவனின் அண்ணனிடம், தம்பி பெண்டாட்டி நேராகப் பேசக் கூடாது என்பதால், அம்மா பெரியப்பாவோடு பேசுவதெல்லாம் என் மூலமாகவோ வேலு மூலமாகவோதான். நாங்கள் இல்லாவிட்டால் கோழியிடம் சொல்வாள். அன்றைக்குக் கோழிதான் இருந்தது.

"பெத்தவளைக் கேக்காம எம்பொண்ணை யாரும் கணக்குலேர்ந்து எடுக்கக் கூடாதுன்னு சொல்லு," என்றாள் கோழியிடம். "காது வர்ற வரிக்கும் காத்துக்கினு இருக்கட்டும்."

"காது இன்னா, வெதை போட்டா மொளைக்குமா?" என்று பெரியப்பாவும் கோழியைப் பார்த்தே கேட்டார்.

ரயில் சன்னலில் ஒரு காது

விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கன்னியப்பன் மாமா இட்லியும் வடையும் விற்றுக்கொண்டிருந்தார். நான் பிறந்த அன்றே, 'இந்தப் புள்ளைக்கு ரெண்டு காதும் வரும், என் மடியில குந்தவெச்சி நான் குத்தறேன்' என்று ஊர் கேட்க வாக்குக் கொடுத்தவர் அவர். வராது என்ற தைரியத்தில்தான் கொடுத்தார் என்பது பெரியப்பாவின் கட்சி. வாய்ச்சொல்லில் வீரர், வாசற்படி தாண்டாதவர் என்று மாமாவுக்குப் பெயர் உண்டு.

ஒரு நாள் ரயிலில் வந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் சன்னல் வழியாக வடை கேட்டிருக்கிறார். வடையைக் கொடுத்த மாமா காசை வாங்காமல் அவர் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். அது கொஞ்சம் வெளுப்பாக, ஓரத்தில் தையல் தடத்தோடு இருந்ததாம். சண்டையில் போன காதைப் பட்டாள ஆஸ்பத்திரியில் திரும்பச் செய்து வைத்ததாக அவர் சொன்னார்.

"சார், கொஞ்சம் தொட்டுப் பாத்துக்கட்டுங்களா?"

"தாராளமா பாருப்பா."

மாமா தொட்டார். மடக்கிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. காதை விட்டுவிட வேண்டும் என்று மாமாவுக்குத் தோன்றவில்லை. பிளாட்பாரம் முடியும்வரை அந்த மனிதரின் காதைப் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறார். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், சின்னப் பிள்ளைகளுக்கும் செய்கிறார் என்ற முழு விவரத்தையும் அவர் கத்திக்கொண்டே சொன்னதாகக் கேள்வி. தகவலைத் தர ஆசைப்பட்டுக் கத்தினாரா, வலி தாங்காமல் கத்தினாரா என்பது மாமாவுக்கே தெரியாது.

அன்று சாயங்கால பாசஞ்சரிலேயே மாமா திண்டிவனம் வந்துவிட்டார். இட்லித் தூக்கை யாரிடம் விட்டார் என்பது அவருக்கு நினைவில்லை.

"அக்கா, பொறப்படு. ஜல்தி."

"எங்கடா?"

"காது வாங்கிக்கினு வர."

வளர்ற புள்ளைங்க, டாக்டர்

மெட்ராஸ் டாக்டர் குட்டையாக, சிரித்த முகமாக இருந்தார். என் பருப்பு மடிப்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அதைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அம்மா அவர் கேட்காமலே வாக்குமூலம் கொடுத்தாள். "கெரகணத்தன்னிக்கு நான் ஒண்ணும் நறுக்கலைங்க. தூங்கிக்கினு இருந்தேன்."

டாக்டருக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு நேராகப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, நீங்க அன்னிக்கு ஒரு கல்யாணத்துக்கே காய் நறுக்கியிருந்தாலும் இது வந்திருக்காது. ஏன் வருதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. உங்க தப்பு ஒண்ணும் இல்லை."

"இன்னொரு தபா சொல்லுங்க," என்றாள் அம்மா. அவர் மறுபடியும் சொன்னார். "கேட்டுக்கினியாடா?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பத்து வருஷமாக அவள் அந்தக் கத்தரிக்காயைச் சுமந்திருக்கிறாள். எனக்குப் புதுக் காது வராமல் அத்தோடு திரும்பியிருந்தால்கூட அந்தப் பயணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

செய்யப்போவதை டாக்டர் விளக்கினார். மூன்று தடவை ஆபரேஷன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில மாதங்கள் ஆறவிட வேண்டும். முதலில் அந்தத் தொங்கு சதையைத் திருப்பிச் சரியான இடத்தில் காதின் கீழ் மடலாக வைப்பார். பிறகு விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து, காது மாதிரி செதுக்கி, தோலுக்கு அடியில் சொருகுவார். கடைசியில் அதைத் தலையிலிருந்து தூக்கி, பின்னால் தொடைத் தோலை ஒட்டுவார். பார்வைக்குக் காது, ஆனால் கேட்காது.

"குருத்தெலும்புன்னா?" என்று கேட்டார் மாமா.

"கறி சாப்பிடும்போது பல்லுல நறுக்னு கடிபடுமே, அது."

மாமா அதற்குப் பிறகு ஒரு வருஷம் கறி சாப்பிடவில்லை.

அளவெடுத்ததுதான் வேடிக்கை. கழுவின எக்ஸ்ரே படம் ஒன்றை என் இடது காது மேல் வைத்து, ஓரம் பிடித்து வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டினார். அதைத் திருப்பிப் போட்டால் வலது காது. அம்மா பக்கத்தில் நின்று அந்தக் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பெருசா வைங்க டாக்டர்."

"ஏம்மா?"

"வளர்ற புள்ளைங்க."

எங்கள் வீட்டில் எதுவுமே அளவாகத் தைத்தது கிடையாது. பாவாடையில் மடிப்பு வைத்துத் தைத்து, வருஷா வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவாள் அம்மா. காதுக்கும் அதே சட்டம்தான். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த வயதில் காது ஏறக்குறைய வளர்ந்து முடிந்துவிடும், இனி நீளப்போவது வாய்தான் என்றார். எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்!

சிரிக்கத் தடை

விலாவில் கை வைத்த ஆபரேஷனுக்குப் பிறகு, காது வலிக்கவில்லை, மார்புதான் வலித்தது. மூச்சு விட்டால் வலி, இருமினால் உயிர் போகிற வலி, சிரித்தால் அதற்கும் மேலே. தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. வார்டு முழுக்க டெட்டாலும் காய்ச்சின பாலுமாக மணக்கும்.

மாமா பார்க்க வருவார். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் அலறுவேன். அலறினால் அவர் இன்னும் சோகமாவார். இரண்டாம் நாளே நர்ஸம்மா அவரைப் பிடித்து வெளியே தள்ளினாள். கட்டு அவிழ்க்கும்வரை கன்னியப்பன் வார்டுக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு. அவர் வராந்தா சன்னலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு என்னோடு பேசினார். அது இன்னும் மோசம்.

அப்பா ஒரே ஒரு தடவை வந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "அதாவது ஃபிரேமும் அவளுது, சீட்டு உறையும் அவளுது. வேற வண்டி சாமான் ஒண்ணும் சேர்க்கலை. நல்லது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

எல்லாம் முடிந்து, கடைசிக் கட்டையும் அவிழ்த்த அன்று அம்மா கைக்கண்ணாடியைக் கொடுத்தாள். பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு காது இருந்தது. கொஞ்சம் சிவப்பாக, கொஞ்சம் தடிப்பாக, ஆனால் காதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன் அழுததில்லை.

அம்மா அழவில்லை. வளையல் ஜோடி வாங்குகிறவள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வலது கொஞ்சம் மேல ஏறியிருக்குதுங்களே?"

"அம்மா, உங்க காதே ரெண்டும் ஒரே மாதிரி இல்லை," என்றார் டாக்டர்.

அம்மா கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தாள். உண்மைதான். பிறகு நர்ஸம்மா காதைப் பார்த்தாள், டாக்டர் காதைப் பார்த்தாள், ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் காதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஊர் வந்தாள். ஒருத்தருக்கும் ஜோடி சரியில்லை என்று அவளுக்குப் பரம திருப்தி.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வார்டை விட்டுக் கிளம்பும் முன் அம்மா கேட்ட கடைசிக் கேள்வி, "இதுல எப்பங்க ஓட்டை போடலாம்?" என்பதுதான். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். மேல் பக்கம் எந்தக் காலத்திலும் ஊசி படக் கூடாது, கீழ் மடலில் மட்டும் ஒரு வருஷம் கழித்துக் குத்தலாம் என்று அனுமதித்தார். அம்மா மூட்டை கட்டப் போன பிறகு மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மாமா அதைப் படிக்கட்டில் இறங்கும்போது எனக்குச் சொன்னார். அந்தக் காதில் ரொம்ப நாளைக்கு உணர்ச்சி இருக்காதாம். சூடு பட்டாலும் தெரியாதாம். பார்த்து இருக்க வேண்டுமாம்.

எலும்பா, காதா?

ஊரே வந்து பார்த்தது. பாதிப் பேர் காதருகே வந்து, "கேக்குதா?" என்று கத்தினார்கள். கேட்டது, இடது காதில்.

பெரியப்பா வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாம் சரி. ஆனா இது வெலா எலும்பு. எலும்புல குத்தினா காதுகுத்து எப்படி ஆவும்? அம்மன் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? கேக்காத காதுல தோடு போட்டு இன்னா ஆவப் போவுது?"

அம்மா என்னைத் தேடினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் அன்றைக்கு அவளுக்கு நானும் வேண்டியிருக்கவில்லை, கோழியும் வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக மூத்தார் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"கேக்கறதுக்கு எம்பொண்ணுக்கு ஒரு காது போதும் மாமா. தோடு போடத்தான் ரெண்டு வேணும். அந்த எலும்பும் பக்கத்து வூட்டுலேர்ந்து கடன் வாங்கினது இல்ல. நான் பெத்த எலும்பு."

பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு வந்த அதிர்ச்சியில் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அம்மனுக்குப் பயந்தவர், தன் மூன்று பெண்களின் வெறுங்காதுக்கும் பயந்தவர். சிறிது நேரம் யோசித்து ஒரு வழி சொன்னார்.

அதற்கு எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீட்டில் பிள்ளை அழாமலிருக்க வாயில் வெல்லம் வைத்துக் காது குத்துவார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு குத்தும் முடிந்த பிறகுதான் வெல்லத்தைக் கண்ணில் காட்டுவார்கள். ஒரு குத்துக்கு ஓர் அழுகையாக, இரண்டு அழுகை அம்மன் சன்னதியில் கேட்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை வந்திருக்கிறது என்று அம்மன் கணக்கில் வைத்துக்கொள்வாளாம்.

"ரெண்டு தபா அழுதான்னா அது காது," என்றார் பெரியப்பா. "ஒரு தபாதான்னா அது எலும்பு. அதுக்கு மேல பேச்சு இல்ல."

"சரி," என்றாள் அம்மா.

இரண்டாவது அழுகை வராது என்று எனக்குத் தெரியும். காரணம் வேலுவும் நானும் மட்டும் அறிவோம். அதற்கு முந்தின வாரம்தான் அவன் என் வலது மடலில் ஒரு ஹேர்பின்னை இறுக்கமாகச் சொருகிவிட்டிருந்தான். எனக்குத் தெரியவே இல்லை. பள்ளிக்கூடம்வரை நடந்து போய், கடவுள் வாழ்த்து பாடி, கணக்கு வகுப்பு பாதியில் டீச்சர் சொல்லித்தான் எடுத்தேன். இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நடித்துவிடலாமே என்பீர்கள். நடிப்பில் என் கெட்டிக்காரத்தனம் ஊரறிந்தது. பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னார்கள், அதிலும் அசைந்துவிட்டேன். இருந்தாலும் அந்த ஒரு வருஷமும் கொல்லைப்பக்கம் போய் அழுது பழகினேன். பக்கத்து வீட்டு நாய் பயந்து ஓடும் அளவுக்குத் தேர்ச்சி வந்திருந்தது.

இரண்டாவது அழுகை

பத்தர் இடது காதில் மையால் பொட்டு வைத்து, கண் மூடித் திறப்பதற்குள் கம்பியை ஏற்றினார். அம்மம்மா! பன்னிரண்டு வயதுக் காது கைக்குழந்தைக் காது மாதிரி இல்லை, கெட்டிப்பட்டிருக்கும். நான் போட்ட சத்தத்தில் பொங்கல் பானையைச் சுற்றியிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. பழகி வைத்திருந்த அழுகையெல்லாம் எங்கேயோ போய்விட்டது, வந்தது அசல்.

"ஒண்ணு," என்றார் பெரியப்பா.

பத்தர் என் வலது பக்கம் நகர்ந்தார். அப்போதுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. எப்போது அழ வேண்டும்? அவர் எனக்குப் பின்வாக்கில் நின்றார். திரும்பக் கூடாது. கம்பி ஏறுவது எனக்குத் தெரியாது. முந்தி அழுதால் சாயம் வெளுத்துவிடும். பிந்தி அழுதாலும் வெளுத்துவிடும். பெரியப்பா குனிந்து, மல்லாட்டையைச் சொத்தை பார்க்கிற கண்ணோடு என் முகத்துக்கு நேரே நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய மூன்று பெண்களும் வாயைப் பிளந்து நின்றார்கள். அம்மா கற்பூரத் தட்டைப் பிடித்தபடி அம்மனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லை. குத்தியாயிற்றா, இன்னும் இல்லையா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கணக்கிலிருந்து போய்விடுவேன் என்பது மட்டும் தெரிந்தது.

திடீரென்று வலது கைப் புஜத்தில் தேள் கொட்டியது. தேள் இல்லை, மாமா. என்னை அசையாமல் பிடித்திருந்த கையின் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, சட்டைக்கு மேலேயே சதையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டார்.

"அய்யோ..." என்று நான் அலறின அலறலுக்கு முன்னால் இடது காது அழுகை ஒன்றுமே இல்லை. பெரியப்பா இரண்டு அடி பின்னால் போய்விட்டார். பத்தர், "அவ்ளோதாம்மா, ஆச்சி ஆச்சி," என்று என் கண்ணெதிரே வந்து நின்றார். கம்பி ஏறி, வளைத்து, முடிச்சும் போட்டாகிவிட்டது.

"வலிக்குதாடி?" அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "எம்பொண்ணுக்கு வலிக்குதுங்க! பாருங்க, எப்படி வலிக்குது பாருங்க!"

தன் பிள்ளைக்கு வலிக்கிறது என்று ஒரு தாய் அவ்வளவு பெருமையாகச் சொல்லி நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

"ரெண்டு," என்றார் பெரியப்பா. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காதுதான்," என்றார். பிறகு என் மொட்டைத் தலையில் கைவைத்து, கையிலிருந்த வெல்லக்கட்டி முழுவதையும் என் வாயில் திணித்தார்.

அதன் பிறகு கேட் திறந்தது. வேலு, பெரியப்பாவின் பெண்கள் மூன்று பேர் என்று ஒவ்வொருவராக மாமன் மடி ஏறினார்கள். பெரியப்பா பெண்களுக்கு அவர்கள் மாமன் வந்திருந்தார். கன்னியப்பன் மாமா வேலுவை முடித்ததும் எழுந்திருக்க முடியாமல் தவழ்ந்து போய் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டார். அம்மனுக்கு அன்றைக்கு அழுகைக்குக் குறைவே இல்லை.

வண்டியில் திரும்பும்போது நான் அம்மாவின் தோளில் சாய்ந்தபடி வந்தேன். பாவம், இவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அம்மா தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது காதுக்குத் தடவினாள். வலது காதுக்குத் தடவினாள். பிறகு, நான் ஒன்றும் சொல்லாமலே என் வலது கைச் சட்டையை மேலே சுருட்டி, கன்றிப்போய் நகம் பதிந்திருந்த இடத்தில் மெதுவாகத் தடவ ஆரம்பித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நகத்தை வெட்டிக்கினு வாடான்னு படிச்சிப் படிச்சி சொன்னேன்," என்றாள். "எங்க கேக்கறான்!"